யுனைடெட்டை யார் தூக்கி நிறுத்துவது? ஃபுட்பால் மேனேஜர் 24, 26 இரண்டையும் வைத்து ஓர் அலசல்

2024-25 சீசனை மான்செஸ்டர் யுனைடெட் 42 புள்ளிகளோடு 15-ஆம் இடத்தில் முடித்தது. 38 ஆட்டத்தில் 18 தோல்வி. 44 கோல் போட்டு 54 கோல் வாங்கினார்கள். பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதியாட்டமும் டோட்டன்ஹாமிடம் போனது. சரியாக ஒரு வாரம் கழித்து, மே 28-ஆம் தேதி, நம்ம புக்கிட் ஜாலில் அரங்கில் ஆசியான் ஆல்-ஸ்டார்ஸ் அணியிடம் 0-1. மியன்மார் ஆட்டக்காரர் மாவ்ங் மாவ்ங் லுவின் போட்ட அந்த ஒரு கோலோடு, அதுவரை தொலைக்காட்சியில் மட்டும் பார்த்துவந்த வேதனை கோலாலம்பூருக்கே நேரில் வந்து இறங்கியது.

அன்று முதல் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் மாமாக் கடைகளில் ஓடுவது ஒரே வழக்கு. "நடுவுல ஒரு ஆள், முன்னுக்கு ஒரு ஆள் வாங்குனா போதும்ணே" என்பான் தம்பி. "ஆளுங்க இருக்காங்கடா, மூனு பேரை வச்சுத் தற்காக்குறதுதான் தப்பு" என்பார் அண்ணன். தே தாரிக் ஆறிப்போகும், தீர்ப்பு வராது. இப்படிப்பட்ட வழக்கை உரசிப் பார்க்க வீட்டிலேயே கிடைக்கும் நல்ல உரைகல், ஒரு கிளப்பின் பயிற்றுநராக நாமே அணியை நடத்தும் ஃபுட்பால் மேனேஜர் என்ற கணினி விளையாட்டு. யாரை வாங்குவது என்ற கேள்வியோடு உள்ளே போகிற ரசிகனை, யாரை எந்த வரிசையில் அனுப்புவது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்ற கேள்வியோடு வெளியே அனுப்பும். அதற்காகவே இதை வாங்கலாம். ஆனால் எந்தப் பதிப்பை, எப்படி ஆடுவது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

லண்டனைச் சேர்ந்த ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் தயாரிப்பு, வெளியீடு சேகா. 24-ஆம் பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. 25-ஆம் பதிப்பை 2025 பிப்ரவரியில் ஒரேயடியாக ரத்து செய்தார்கள். யூனிட்டி எஞ்சினில் புதிதாகக் கட்டிய 26-ஆம் பதிப்பு 2025 நவம்பர் 4-இல் வெளியானது. பெண்கள் காற்பந்து முதல்முறையாக வந்திருப்பதும், பிரிமியர் லீக்கின் முழு உரிமம் கிடைத்திருப்பதும் 26-இன் பெரிய வரவுகள். 24-இல் யுனைடெட் "மேன் யூஎஃப்சி" என்ற பெயரில்தான் இருக்கும், சின்னமும் உண்மையானது இல்லை. ரசிகனுக்கு அது உறுத்தும், ஆட்டத்துக்கு அது ஒன்றும் செய்யாது.

26-இன் திரை அமைப்புதான் சிக்கல். பழைய இன்பாக்ஸ் போய் போர்ட்டல் வந்திருக்கிறது. இரண்டு சொடுக்கில் போன இடத்துக்கு இப்போது நான்கு சொடுக்கு. வெளியான நாட்களில் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் குவிந்த எதிர்மறை விமர்சனங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். அடுத்தடுத்த அப்டேட்களில் சரிசெய்துகொண்டு வருகிறார்கள். புக்மார்க் வசதியில் ஸ்குவாட், டாக்டிக்ஸ், ஸ்கவுட்டிங், நிதி ஆகிய நான்கையும் முதல் வேலையாகப் பொருத்திவிட்டால் பாதி எரிச்சல் குறையும். 24 ஏற்கெனவே கையில் இருக்கிறவர்கள், அணியை மறுபடி கட்டும் வேலையை மட்டும் ஆட நினைத்தால், அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை. 24-இல் இருப்பது 2023-24 சீசன் அணி. ரசிகர்கள் செய்து பகிரும் எடிட்டர் கோப்புகளைப் போட்டால் புதிய ஆட்டக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

இனி ஆட்டம். யுனைடெட்டை எடுத்தவுடன் எல்லோரும் செய்யும் தவறு, நேரே சந்தைக்குப் போய் மூன்று பெரிய பெயர்களை வாங்குவது. நவம்பருக்குள் அணி எட்டாம் இடத்தில் நிற்கும். ஏன் என்று டிரஸ்ஸிங் ரூம் பக்கத்தைத் திறந்தால் தெரியும்: டீம் கோஹீஷன், அதாவது அணியின் ஒற்றுமை, சரிந்திருக்கும், புதியவர்களுக்கு ஆட்டமுறை பழகியிருக்காது, புதிதாக வந்தவரின் சம்பளத்தைப் பார்த்துப் பழையவர் மூவர் ஒப்பந்த உயர்வு கேட்டு வாசலில் நிற்பார்கள்.

முதல் ஒரு மணி நேரம் சந்தைப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. ஸ்குவாட் பிளானரைத் திறந்து, ஒவ்வோர் இடத்துக்கும் இந்த சீசன், அடுத்த சீசன், அதற்கடுத்த சீசன் என்று பெயர்களைப் பொருத்துங்கள். மூன்றாம் சீசனில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதுதான் உண்மையான தேவை. பிறகு ஸ்குவாட் பட்டியலில் மூன்று பத்திகளை மட்டும் வையுங்கள்: வாரச் சம்பளம், ஒப்பந்தம் முடியும் தேதி, வயது. சம்பளத்தின்படி மேலிருந்து கீழே அடுக்குங்கள். 24-இல் இந்தப் பட்டியலின் மேல்பகுதியைப் பார்த்தாலே யுனைடெட்டின் பத்தாண்டுக் கதை புரியும். கசமிரோவும் வரானும் முப்பதைத் தாண்டியவர்கள். சாஞ்சோவும் அந்தோணியும் வாங்கிய விலைக்குப் பக்கத்தில்கூட விற்க முடியாதவர்கள். மார்ஷியலின் ஒப்பந்தம் 2024 ஜூனோடு முடிகிறது.

இப்போது கணக்கு. வாரத்துக்கு 250,000 பவுண்டு வாங்கும் ஒருவருக்கு ஆண்டுச் செலவு 13 மில்லியன். வாங்க ஆள் இல்லை என்றால் அவரை இலவசமாகத் தள்ளிவிடப் பலர் துடிப்பார்கள். அது வேண்டாம். வேறொரு கிளப்புக்குக் கடனாக அனுப்புங்கள், சம்பளத்தில் பாதியை அந்தக் கிளப் ஏற்க வேண்டும் என்று வேஜ் கான்ட்ரிபியூஷன் கட்டத்தில் 50 சதவீதம் போடுங்கள். 6.5 மில்லியன் மிச்சம். வாரம் 30,000 பவுண்டில் நான்கு இளம் ஆட்டக்காரர்களின் ஓராண்டுச் சம்பளம் 6.24 மில்லியன். ஒருவர் போன இடத்தில் நால்வர். மாமாக் மேசையில் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. விளையாட்டில் போடாமல் இருக்க முடியாது.

கடன் ஒப்பந்தத்தில் மேன்டட்டரி ஃபியூச்சர் ஃபீ என்று ஒரு கட்டம் உண்டு, அதாவது கடன் முடிந்ததும் கட்டாயம் வாங்கியே ஆகவேண்டும். விளையாட்டில் கட்டாயம் என்றால் கட்டாயம்தான். நிஜத்தில் என்ன நடந்தது? சாஞ்சோவை 2024-25-இல் கடனாக எடுத்த செல்சி, வாங்கும் கடமையிலிருந்து விலக 5 மில்லியன் பவுண்டு கொடுத்துத் திருப்பி அனுப்பியது. அடுத்த சீசன் அவர் மறுபடி கடனில் ஆஸ்டன் வில்லா போனார். விற்பனை என்று வரும்போது விளையாட்டு நிஜத்தைவிட இளகிய மனசுக்காரன். ஆகவே உங்கள் திட்டம் விளையாட்டில் ஒரே சீசனில் பலித்தால், நிஜத்தில் மூன்று சீசன் ஆகும் என்று வைத்துக்கொண்டு வாதாடுங்கள்.

விலை விஷயத்தில் இன்னொன்றையும் காகிதத்தில் தனியாகக் குறித்து வையுங்கள். 80 மில்லியனுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால், கணக்குப் புத்தகத்தில் ஆண்டுக்கு 16 மில்லியன் செலவு ஏறும். இரண்டாண்டு கழித்து அவரது புத்தக மதிப்பு 48 மில்லியன். அப்போது 30 மில்லியனுக்கு விற்றால் கையில் 30 வந்தாலும் கணக்கில் 18 மில்லியன் நஷ்டம். சொந்த அகாடமியில் வளர்ந்தவரின் புத்தக மதிப்பு பூஜ்யம், விற்ற பணம் முழுதும் லாபம். மூன்றாண்டில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்ற அப்போதைய பிரிமியர் லீக் விதியோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், 2024-இல் மெக்டோமினேயை நாப்போலிக்கும் 2025-இல் கர்னாச்சோவை செல்சிக்கும் ஏன் விட்டார்கள் என்பது புரியும். புரிந்தாலும் வலிக்கத்தான் செய்கிறது. போன முதல் சீசனிலேயே மெக்டோமினே நாப்போலியோடு இத்தாலிய லீக்கை வென்று, லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். வளர்த்த பிள்ளைகளை விற்றுக் கணக்கைச் சரிக்கட்டும் நிலைக்கு ஒரு கிளப் வந்துவிட்டதே என்பதுதான் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கோபப்பட வேண்டிய விஷயம்.

ஒப்பந்தத் திரையில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். புதிய ஆளோடு பேசும்போது முதலில் வருவது அக்ரீட் பிளேயிங் டைம், அதாவது எவ்வளவு ஆட்டம் தருவீர்கள் என்ற வாக்கு. 21 வயதுப் பையனுக்கு ரெகுலர் ஸ்டார்ட்டர் என்று வாக்குக் கொடுத்தால் சம்பளம் கூடும், பத்து ஆட்டம் பெஞ்சில் உட்கார வைத்தால் சண்டை வரும். ஸ்குவாட் பிளேயர் என்று தொடங்கி, மேட்ச் போனஸைக் கூட்டிக் கொடுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கீழே விதிகள் பட்டியல். அதில் "மேட்ச் ஹையஸ்ட் எர்னர்" என்று முகவர் கேட்டால் பேச்சுவார்த்தையை முறித்தாலும் சரி, கொடுக்கவே கூடாது. நாளைக்கு ஒரு நட்சத்திரத்துக்கு வாரம் 300,000 கொடுத்தால் இவருக்கும் அதே தொகை தானாக ஏறிவிடும். ஆண்டு உயர்வு 5 சதவீதம் என்பது சின்னதாகத் தெரியும், ஐந்தாம் ஆண்டில் முதலாண்டைவிட 21 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும். பதிலுக்கு நீங்கள் கேட்க வேண்டியது, கிளப் விரும்பினால் ஓராண்டு நீட்டிக்கும் உரிமை.

தவணையில் வாங்குவதும் அப்படித்தான். 60 மில்லியனை மூன்றாண்டுத் தவணையாகப் பிரித்தால் இந்தக் கோடையில் இன்னும் இருவரை வாங்கலாம் போலத் தோன்றும். இரண்டாம் கோடையில் பட்ஜெட் திரையைத் திறந்தால் பழைய தவணைகளே பாதியைத் தின்றிருக்கும். யுனைடெட்டின் சொந்தக் கணக்கறிக்கைகளில் பழைய கொள்முதல்களின் பாக்கி எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

சரி, அண்ணனின் வாதத்துக்கு வருவோம். ஆளா, அமைப்பா? இதைச் சோதிக்க முறை உண்டு. சீசன் தொடங்கும் முன் கேமைச் சேமித்து இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் அந்த சீசன் பாதியில் வந்த பயிற்றுநர் அமொரிமின் பாணியில் மூவர் தற்காக்கும் 3-4-2-1, மற்றதில் நால்வர் தற்காக்கும் 4-2-3-1. இரண்டிலும் ஒரே அணி, ஒரே பயிற்சி அட்டவணை, யாரையும் வாங்கவோ விற்கவோ கூடாது. ஹாலிடே வசதியில், உங்கள் ஆட்டமுறையையே முடிந்தவரை பயன்படுத்தச் சொல்லும் பெட்டியை டிக் செய்துவிட்டு சீசனை ஓடவிடுங்கள். ஒரு முறை ஓட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். காயம், சிவப்பு அட்டை, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்து ஒரே அமைப்பை ஒரு ஓட்டத்தில் ஆறாம் இடத்திலும் இன்னொன்றில் பன்னிரண்டாம் இடத்திலும் நிறுத்தும். ஒவ்வொன்றையும் ஐந்து முறையாவது ஓட்டி, புள்ளிகளை விட்டுவிட்டு புள்ளிவிவரப் பக்கமான டேட்டா ஹப்பில் எக்ஸ்ஜி (கிடைத்த வாய்ப்புகளை வைத்து எதிர்பார்க்கக்கூடிய கோல் அளவு), எதிரணிக்குக் கொடுத்த எக்ஸ்ஜி இரண்டையும் ஒப்பிடுங்கள்.

செய்து பார்த்தால் மூவர் தற்காப்பில் உடைவது பெரும்பாலும் நடுவில் இல்லை, ஓரங்களில். விங்-பேக் எனப்படும் ஓர ஆட்டக்காரர் இருவரும் மேலும் கீழும் ஓடக்கூடியவர்களாக இல்லையென்றால் அது ஐவர் தற்காப்பாக மாறிவிடும், முன்னால் மூவர் தனித்து நிற்பார்கள். மத்தியத் திடலில் இருவர் மட்டும் என்பதால், அவர்களில் ஒருவருக்கு ஸ்டாமினாவும் வொர்க் ரேட்டும் 20 மதிப்பெண்ணில் 14-க்குக் கீழே இருந்தால் 60-ஆம் நிமிடத்துக்குப் பிறகு எதிரணி அந்த இடைவெளியில் புகுந்து வரும். ஆக அண்ணன் சொல்வது பாதி சரி: அமைப்பு தப்பில்லை, இந்த ஆட்களுக்கு அந்த அமைப்பு தப்பு. தம்பி சொல்வதும் பாதி சரி, ஆனால் வாங்க வேண்டிய முதல் ஆள் முன்வரிசையில் இல்லை, இடது ஓரத்தில்.

இந்த ஒரு விஷயத்தில் 26 தெளிவாக மேலே நிற்கிறது. பந்து கையில் இருக்கும்போது ஒரு வடிவம், இல்லாதபோது இன்னொரு வடிவம் என்று தனித்தனியாக வரையலாம். பந்தோடு 3-2-5, பந்து போனால் 5-4-1 என்று அமொரிமின் எண்ணத்தை அப்படியே இறக்கலாம். 24-இல் இதை இன்வெர்டட் விங்-பேக், ஹாஃப் பேக் போன்ற ரோல்களை வைத்துச் சுற்றி வளைத்துத்தான் கொண்டுவர முடியும். எந்தப் பதிப்பாக இருந்தாலும் சீசன் நடுவில் அமைப்பை மாற்றினால் டாக்டிக்கல் ஃபெமிலியாரிட்டி, அதாவது ஆட்டமுறைப் பழக்கம், சரியும். 2024 நவம்பரில், சீசன் பாதியில் ஒரு பயிற்றுநரைக் கொண்டுவந்து புது அமைப்பைத் திணித்ததன் விலை என்ன என்பதை அந்தப் பச்சைக் கோடுகள் இறங்குவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உள்ளூர்க் கதைக்கு வருவோம், ஏனென்றால் இதே விளையாட்டில் கோலாலம்பூர் சிட்டியையும் எடுத்து ஆடலாம். 24-இல் மலேசிய லீக் உண்டு. புதிய ஆட்டம் தொடங்கும்போது மலேசியாவைத் தேர்வுப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மறந்தால் பிறகு சேர்க்கலாம், ஆனால் அடுத்த சீசனில்தான் அது நடைமுறைக்கு வரும்.

யுனைடெட்டை எடுக்கும் நம்மவர்களில் பத்தில் ஒருவராவது கோலாலம்பூர் சிட்டியை எடுத்து ஆட வேண்டும் என்பது இந்த விமர்சனத்தின் ஆசை. 1987, 1988, 1989 என்று மூன்றாண்டு தொடர்ந்து மலேசியக் கிண்ணம் வென்ற அணி இது. பிறகு 32 ஆண்டு காத்திருப்பு. 2021-இல் பயிற்றுநர் போஜான் ஹோடாக் கையில், புக்கிட் ஜாலிலில் ஜொகூர் டாருல் தாசிமை 2-0 என்று வீழ்த்தியது. சஃப்ரி யாஹ்யா ஒன்று, பாவ்லோ ஜோசுவே ஒன்று. மறு ஆண்டே ஆசியக் கிளப்புகள் மோதும் ஏஎஃப்சி கிண்ண இறுதியாட்டம் வரை போய் ஓமானின் அல்-சீப்பிடம் 0-3 என்று தோற்றது. பணக்கார அணியை நெருக்கமான தற்காப்பாலும் வேகமான எதிர்த் தாக்குதலாலும் சாய்க்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சாட்சி இது.

விளையாட்டிலும் அதே வழிதான் பலிக்கும். 2014 முதல் சூப்பர் லீக்கை விட்டுக்கொடுக்காத ஜொகூரை 'லீக்' பட்டியலில் துரத்தினால் மூன்று சீசன் வீணாகும். கிண்ண ஆட்டங்களைக் குறிவையுங்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒதுக்கீடு மலேசியாவில் அடிக்கடி மாறும், அதனால் சீசன் தொடக்கத்திலேயே போட்டி விதிகள் பக்கத்தைத் திறந்து எண்ணிக்கையைப் பாருங்கள். கிடைக்கும் இடங்களை ஓரங்களில் செலவழிக்காமல் முதுகெலும்பில் போடுங்கள்: ஒரு நடுத் தற்காப்பாளர், ஒரு மத்தியத் திடல் ஆள், ஒரு முன்னணித் தாக்குநர். ஓரத் தற்காப்பாளர்களை உள்ளூரிலேயே தேற்றலாம். ஸ்கவுட்களை உலகம் சுற்ற விடாதீர்கள், சம்பளம் கொடுக்க முடியாதவரைக் கண்டுபிடித்து என்ன பயன்? இரண்டே இரண்டு நாடுகள் போதும்.

ஆனால் இங்கேதான் விளையாட்டின் பெரிய குறை. மலேசியக் கிளப் ஒன்று ஏன் சரிகிறது என்பதன் முழுக் கனம் இதில் இறங்கவே இல்லை. நிஜத்தில் சம்பளப் பாக்கி மாதக்கணக்கில் நிற்கிறது, அதற்காகப் புள்ளிகள் வெட்டப்படுகின்றன. 2025-இல் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் சூப்பர் லீக்கிலிருந்தே விலகின, கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. சம்பளம் வராத ஆட்டக்காரன் எந்த மனநிலையில் பயிற்சிக்கு வருவான், வீட்டு வாடகை கட்ட முடியாத வெளிநாட்டவர் எப்போது பெட்டி கட்டுவார் என்பதெல்லாம் இந்த டேட்டாபேஸில் இல்லை. நோன்பு மாதத்தில் ஆட்டங்கள் இரவு 10 மணிக்குப் போவதும், மாலை மழையில் பயிற்சித் திடல் குளமாவதும் இல்லை. உள்ளூர் ஆட்டக்காரர்களின் மதிப்பெண்களும் ஐரோப்பியர்களுடையவை போலத் துல்லியமாக இல்லை, பலர் ஒருவரைப் போலவே ஒருவர் இருப்பார்கள். ஆகவே சிட்டியை மூன்று சீசனில் விளையாட்டில் தூக்கி நிறுத்திவிட்டு, நிஜ நிர்வாகத்துக்கு அதே வைத்தியத்தைச் சொல்ல முடியாது. முதல் மருந்து மாதச் சம்பளம் மாதக் கடைசியில் வந்து சேர்வது. அதற்குப் பிறகுதான் அமைப்பும் ஆளும்.

வாங்குகிறவர்களுக்குக் கருவிக் கணக்கு. லோ யாட்டில் மடிக்கணினி பார்க்கும்போது கிராஃபிக்ஸ் அட்டைக்கு அதிகம் கொட்ட வேண்டாம், இந்த விளையாட்டு தின்பது ப்ராசஸரையும் மெமரியையும்தான். 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் இங்கிலாந்து, மலேசியா, ஸ்பெயின் என மூன்று நாட்டு லீக்குகளைத் தாமதமின்றி ஓட்டலாம். 8 ஜிபியில் ஒரு நாடு, சிறிய டேட்டாபேஸ், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு மொபைல் பதிப்பு நெட்ஃபிளிக்ஸ் சந்தாவோடு வருகிறது, தனிக் காசு இல்லை. ஆனால் மேலே சொன்ன ஒப்பந்த விதிகளும் டேட்டா ஹப்பும் அதில் அந்த ஆழத்துக்கு இருக்காது. ஆட்டம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க அது போதும், அண்ணனோடு வாதாட அது போதாது.